சைக்கிள் கேட்ட சிறுவன்: ஹீமோபிலியாவோடு வளர்ந்த அலெக்ஸேய் (நிகழ்வு ஆய்வு)

இந்த ஆய்வில் வரும் சிறுவனுக்கு இருந்த நோய் எந்த வகை என்பது, அவன் இறந்து 91 ஆண்டுகள் கழித்துத்தான் ஆய்வகத்தில் உறுதியானது. பெயர் அலெக்ஸேய். ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலாஸின் ஒரே மகன். 2007-இல் யெகாத்தரின்பர்க் நகருக்கு வெளியே கிடைத்த எலும்புத் துண்டுகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்த விஞ்ஞானிகள், 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். எஃப்9 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயின் பி வகை, அதிலும் கடுமையானது. ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 9 என்ற புரதம் அவன் உடலில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

அவன் வாழ்ந்த காலத்தில் ஃபேக்டர் 9 என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஹீமோபிலியாவில் இப்படி இரண்டாவது வகை உண்டு என்பது 1952-இல்தான் தெளிவாக விவரிக்கப்பட்டது. அந்த ஆய்வில் இடம்பெற்ற ஐந்து வயதுச் சிறுவன் ஸ்டீபன் கிறிஸ்மஸின் பெயரால் பி வகையைக் கிறிஸ்மஸ் நோய் என்றும் சொல்வார்கள்.

அலெக்ஸேயின் கதையை அவன் தாய் நம்பிய சாமியார் ரஸ்புதினோடும் ரஷ்யப் புரட்சியோடும் சேர்த்து நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பையனின் அன்றாடத்தை மட்டும் இங்கே பார்க்கிறேன். காலையில் எழுந்தால் பக்கத்தில் யார் இருந்தார்கள், எதை விளையாடலாம் என்றார்கள், எதைக் கூடாது என்றார்கள், இதையெல்லாம் வைத்து அவன் தன்னை யாராக நினைத்துக்கொண்டான்? தந்தையின் நாட்குறிப்பு, தாயின் கடிதங்கள், வீட்டு ஆசிரியரின் நினைவுகள், அரசவைப் பெண்களின் குறிப்புகள், அவனே எழுதிய குட்டிக் குட்டி நாட்குறிப்பு வரிகள் என்று சான்றுகள் நிறைய உண்டு. மருந்தே இல்லாத காலத்தில் வளர்ந்த ஒரு ஹீமோபிலியா குழந்தையைப் பற்றி இவ்வளவு நெருக்கமான பதிவு கிடைப்பது அரிது. ஆனால் இவற்றில் பல, அவன் கொல்லப்பட்ட பிறகு, அவனை நேசித்தவர்கள் துக்கத்தில் எழுதியவை. அதனால் அவன் குணத்தைப் புகழும் வரிகளைவிட, நடந்த சம்பவங்களைத்தான் அதிகம் நம்பியிருக்கிறேன்.

குடும்பப் பின்னணி

நான்கு பெண் குழந்தைகளுக்குப் பிறகு, 1904 ஆகஸ்ட் 12 அன்று பீட்டர்ஹோஃப் அரண்மனையில் பிறந்தான். ஆறு வாரம்கூட முழுதாக ஆகியிருக்காது, தொப்புளிலிருந்து ரத்தம் கசியத் தொடங்கியது. எந்தக் காரணமும் இல்லாமல் காலையில் தொடங்கிய கசிவு எங்களை மிகவும் கலங்கடித்துவிட்டது என்று தந்தை நாட்குறிப்பில் எழுதுகிறார்.

தாய் அலெக்ஸாந்த்ராவுக்கு அந்தக் கசிவின் பொருள் புரியாமல் இருந்திருக்க முடியாது. அவர் இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் பேத்தி. அவருடைய அண்ணன் இரண்டு வயதில் ஜன்னலிலிருந்து விழுந்து ரத்தக்கசிவில் இறந்தவன். இதே நோயுள்ள தாய்மாமன் லியோபோல்ட் 1884-இல் போய்ச் சேர்ந்தார். அக்கா மகன் ஹைன்ரிஹ் நான்கு வயதில் இறந்தது 1904 பிப்ரவரியில், அதாவது அலெக்ஸேய் பிறப்பதற்கு ஆறே மாதம் முன்பு. இந்த நோயின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய் அதைத் தாங்கியிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. "என்னால்தான் என் பிள்ளைக்கு" என்ற எண்ணம் இந்தத் தாயை விடவே இல்லை. எந்த நாட்டில், எந்தக் காலத்தில் இருந்தாலும் ஹீமோபிலியா குழந்தைகளின் தாய்மார் பலர் இதே வேதனையைச் சொல்வார்கள். பிள்ளை தவழ ஆரம்பிக்கும் முன்பே அந்தக் குற்றவுணர்வு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவன் தன்னைப் பற்றி முதலில் படிக்கும் பாடம் அம்மாவின் முகம்.

நோயை வெளியே சொல்லக் கூடாது என்று முடிவானது. வாரிசுக்கு என்ன கோளாறு என்று நாட்டுக்குச் சொல்லவில்லை. நெருங்கிய வட்டத்துக்கு வெளியே அரண்மனையில் இருந்த பலருக்கும் தெரியாது. அவனுடைய அக்காக்களுக்குப் பாடம் சொல்லித்தந்த சுவிட்சர்லாந்து ஆசிரியர் பியர் ஜில்லியாருக்குக்கூடப் பல ஆண்டுகள் நோயின் பெயர் தெரியாது. பையன் சில வாரங்கள் கண்ணில் படமாட்டான், கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள்.

அன்றாடம்

அவனைப் பார்த்துக்கொள்ளக் கடற்படையைச் சேர்ந்த இரண்டு மாலுமிகள், தெரெவென்கோவும் நகோர்னியும். ஓடினால் கூட ஓடுவார்கள், ஏறினால் கீழே கையை நீட்டி நிற்பார்கள், நடக்க முடியாத நாளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கால் மரத்துப் போனால் தெரெவென்கோ மணிக்கணக்கில் உட்கார்ந்து பிடித்துவிடுவார். அதில் அன்பும் உழைப்பும் இருந்தன, மறுக்க முடியாது.

நாய் ஒன்று உண்டு, பெயர் ஜாய். சர்க்கஸிலிருந்து வந்த வான்கா என்ற வயதான கழுதை உண்டு. அது வித்தைகள் காட்டும், சட்டைப் பையில் மூக்கை நுழைத்துத் தின்பண்டம் தேடும். விளையாட்டுத் தோழர்களாக தெரெவென்கோவின் பிள்ளைகளும், பிறகு மருத்துவரின் மகன் கோல்யாவும் வந்தார்கள். மருத்துவரின் குடும்பப் பெயரும் தெரெவென்கோதான். மாலுமிக்கும் அவருக்கும் உறவு இல்லை.

இல்லாதவற்றின் பட்டியலில் முதலில் வருவது சைக்கிள். சைக்கிள் வேண்டும் என்று கேட்டிருக்கிறான், உனக்குக் கூடாது என்று தெரியுமே என்று பதில் வந்திருக்கிறது. அக்காக்கள் மாதிரி டென்னிஸ் ஆட வேண்டும் என்று கேட்டிருக்கிறான், அதற்கும் அதே பதில். நான் மட்டும் ஏன் மற்ற பையன்களைப் போல் இருக்க முடியாது என்று அழுததைத் தாயின் தோழி ஆன்னா விரூபொவா பதிவு செய்திருக்கிறார். ஹீமோபிலியா குழந்தைகளைப் பார்க்கும் எந்த மருத்துவமனையிலும் இந்தக் கேள்வி ஒலிக்கும். ஊரும் மொழியும்தான் வேறு.

இந்த நோயில் ஒரு குழப்பம் உண்டு. அது எப்போதும் இருக்கிறது, ஆனால் எப்போதும் தெரிவதில்லை. மாதக்கணக்கில் அலெக்ஸேய் எந்தத் தொல்லையும் இல்லாமல் துறுதுறுவென்று திரிவான். பார்ப்பவர்கள் நோயாளி என்றே சொல்லமாட்டார்கள். பிறகு ஒரு நாள் லேசாக இடித்துக்கொள்வான். அந்த நேரம் ஒன்றும் தெரியாது. தோலில் படும் கீறல் அவ்வளவு ஆபத்தில்லை, அழுத்திக் கட்டினால் நிற்கும். உள்ளே மூட்டிலோ தசையிலோ கசியும் ரத்தம்தான் எமன். அது மெதுவாகச் சேரும். மறுநாள் காலை எழும்போது முழங்கால் மடங்கியபடியே நிற்கும். மடக்கி வைத்தால் மூட்டுக்குள் இடம் கொஞ்சம் அதிகம், வலி கொஞ்சம் குறைவு, அதனால் குழந்தை தானாகவே மடக்கி வைத்துக்கொள்கிறது. நாள் போகப் போகத் தசை அந்த நிலையிலேயே இறுகி, காலை நீட்ட முடியாமல் போகிறது.

ஆக இவனுக்குள் இரண்டு பையன்கள். ஒருவன் மரத்தில் ஏறத் துடிப்பவன், இன்னொருவன் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்ப்பவன். எந்தப் பையன் எந்த வாரம் வருவான் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் இருந்த எல்லாருடைய முகமும் அதற்கேற்ப மாறியது. அவன் நலமாக இருந்தால் அரண்மனை முழுக்க வெயில் அடித்த மாதிரி இருக்கும் என்று ஜில்லியார் எழுதுகிறார். அந்த வரியை அவர் பாசத்தோடு எழுதியிருக்கிறார். எனக்கு அதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. ஒரு குடும்பத்தின் சந்தோஷம் முழுவதும் தன் முழங்காலில் தொங்குகிறது என்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்?

ஸ்பாலா, 1912

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பலர் எழுதியது. 1912 இலையுதிர் காலத்தில் குடும்பம் போலந்துப் பகுதிக்குப் போயிருந்தது. படகில் ஏறும்போது பட்ட அடி ஆறிக்கொண்டிருந்த நேரம். ஸ்பாலா என்ற ஊரில் இருந்த அரச மாளிகையில் தங்கி, தாயோடு குதிரை வண்டியில் போனபோது குலுங்கியதில் தொடையிலும் இடுப்புக் குழியிலும் மறுபடி ரத்தம் கசிந்தது. கடுங்காய்ச்சல், பிதற்றல். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை வலி சுருட்டிச் சுருட்டி வந்தது, அழக்கூடத் தெம்பில்லாமல் "ஆண்டவரே, இரங்கும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான் என்று தந்தை தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். சாகும் தறுவாயில் தேவாலயம் தரும் திருவருட்சாதனமும் கொடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் உடல்நிலை அறிக்கைகள் வெளியாயின, அவற்றிலும் நோயின் பெயர் இல்லை.

அதே நாட்களில் அந்த மாளிகையில் விருந்தினர்கள் இருந்தார்கள். அக்காக்கள் இருவர் ஒரு பிரெஞ்சு நாடகத்தின் காட்சிகளை நடித்துக் காட்டினார்கள். தாய் முன் வரிசையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் ஜில்லியார் வெளியே நடையில் நின்றபோது, உள்ளேயிருந்து குழந்தையின் முனகலைக் கேட்டார். தாய் இரண்டு கைகளாலும் நீள அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து அவரைக் கடந்து போனார். சில நிமிடத்தில் திரும்பி, மறுபடி அதே சிரிப்பை மாட்டிக்கொண்டு விருந்தினர்கள் நடுவே உட்கார்ந்தார்.

இறந்துவிட்டால் இனி வலிக்காது அல்லவா என்று அலெக்ஸேய் தாயிடம் கேட்டதாகவும், தான் இறந்தால் காட்டில் கல்லால் சின்னதாக ஒரு நினைவுச் சின்னம் கட்டச் சொன்னதாகவும் விரூபொவா எழுதியிருக்கிறார். அவனுக்கு வயது எட்டு. இதை வெறும் ஜுரப் பிதற்றல் என்று தள்ளிவிட முடியவில்லை. ஓரிரு வருடம் கழித்து, பத்து வயதில், புல்லில் மல்லாந்து படுத்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் அக்கா ஓல்கா என்ன செய்கிறாய் என்று கேட்க, முடியும்வரை வெயிலையும் கோடையையும் அனுபவித்துக்கொள்கிறேன், ஒரு நாள் இதுவும் முடியாமல் போகலாம் அல்லவா என்றானாம். மரணத்தைப் பற்றி அவனோடு யாரும் பேசியதாகத் தெரியவில்லை. பேசாததால் அவன் யோசிக்காமல் இருந்துவிடவில்லை, தனியாக யோசித்தான்.

இடது கால் நிமிர ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. 1913-இல் ரொமானொவ் வம்சத்தின் 300-ஆம் ஆண்டு விழா ஊர்வலத்தில் அவனை ஒருவர் தூக்கிக்கொண்டுதான் வந்தார். கூட்டம் பார்த்தது. காரணம் சொல்லப்படாததால் ஆளுக்கொரு வதந்தியைக் கிளப்பியது. தூக்கிச் சுமக்கப்படும் வாரிசு என்று ஊரே பார்க்கும் பார்வையை அந்தப் பையனும் மேலிருந்து பார்த்திருப்பான்.

"எனக்குத் தைரியமில்லை"

ஜில்லியார் அவனுக்குப் பிரெஞ்சு சொல்லித்தரத் தொடங்கியது ஸ்பாலாவில்தான், நோயால் அது உடனே நின்றுபோனது. 1913 இலையுதிர் காலத்தில் முழுநேர ஆசிரியரானார். ஆரம்பத்தில் பையனிடம் மௌனமான பகை இருந்தது என்கிறார். ஒழுங்கான பாடவேளைக்கு அவன் பழகியதே இல்லை. இந்த ஆள் தன்னிடம் வேலை வாங்க வந்தவர் என்று முறைத்தான்.

அப்போது நடந்த ஒரு சின்னச் சம்பவம் இந்த ஆய்வுக்கு மிக முக்கியம் என்று கருதுகிறேன். நாட்டின் உட்பகுதியிலிருந்து விவசாயிகள் சிலர் வாரிசுக்குப் பரிசுகள் கொண்டுவந்தார்கள். மாலுமி தெரெவென்கோ அவர்களை மண்டியிடச் சொன்னார். மண்டியிட்டார்கள். பையனின் முகம் குப்பென்று சிவந்தது. அவர்கள் போன பிறகு ஜில்லியார் கேட்டார், உனக்கு முன்னால் ஆட்கள் மண்டியிடுவது உனக்குப் பிடிக்கிறதா? "இல்லவே இல்லை. ஆனால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று தெரெவென்கோ சொல்கிறார்." பிறகு ஏன் தடுக்கவில்லை? "தெரியவில்லை. எனக்குத் தைரியமில்லை."

ஒரு சாம்ராஜ்யத்தின் வாரிசு, தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் வாய் திறக்கத் துணிவில்லாமல் நிற்கிறான். இந்த இடத்தில் நோய் எங்கே இருக்கிறது? விழுந்தால் பிடிப்பவர் அவர், வலித்தால் தூக்குபவர் அவர், எது ஆபத்து என்று முடிவு செய்பவரும் அவர். உடம்பைப் பற்றிய எல்லா முடிவையும் இன்னொருவர் எடுத்துப் பழகிவிட்டால், மற்ற விஷயங்களிலும் தன் விருப்பத்தைச் சொல்லும் நாக்கு எழாமல் போகிறது. ஜில்லியார் மாலுமியிடம் பேசி அந்த மண்டியிடலை நிறுத்தினார். பையனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

காவலைத் தளர்த்திய முடிவு

ஜில்லியார் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு மருத்துவர் தெரெவென்கோவிடம் போனார். மாலுமிகள் இருவரும் நிழலாக ஒட்டிக்கொண்டிருப்பது பையனைக் கெடுக்கிறது என்றார். தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள அவனுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆபத்தை அளக்கும் வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டதால், இவன் ஆபத்தை யோசிப்பதே இல்லை. எப்படிக் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பலாம் என்றுதான் யோசிக்கிறான். உடம்பில் ஏற்கெனவே ஒரு குறை, இப்படியே போனால் மனசிலும் முதுகெலும்பில்லாதவனாக வளர்வான் என்பது அவர் வாதம். மருத்துவர் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சிறு அடியும் உயிரை எடுக்கலாம் என்றார். நோயின் பெயரை ஜில்லியார் திட்டவட்டமாக அறிந்தது இப்படிப் பேசிய காலத்தில்தான்.

ஜில்லியார் பையனின் பெற்றோரிடமே போனார். இருவரும் சம்மதித்தார்கள். வலிமையில்லாத மனத்தோடு வளர்வதைவிட ஆபத்தை ஏற்பது மேல் என்று அவர்கள் துணிந்ததாக எழுதுகிறார். அக்கா மகனையும் அண்ணனையும் இதே நோய்க்குக் கொடுத்த தாய் இதற்குத் தலையாட்டியிருக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பையனிடமும் சொன்னார்கள். அவனுக்குக் கொண்டாட்டம். தோழர்கள் முன்னால் ஒவ்வொன்றுக்கும் தடுக்கப்படுவது அவனை எவ்வளவு வாட்டியது என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி நடந்துகொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தான்.

நவீன மொழியில் சொன்னால் இது ஒரு தலையீடு. குறிக்கோள் தெளிவு, பெற்றோரின் ஒப்புதல் உண்டு, குழந்தையின் ஒப்புதலும் உண்டு. அந்தக் கடைசி அம்சம் இன்றைக்கும் பல இடங்களில் விட்டுப்போகிறது.

சில நாள் எல்லாம் சரியாகப் போயிற்று. ஜில்லியார் நிம்மதிப் பெருமூச்சு விடத் தொடங்கியிருந்தார். ஒரு நாள் பாட அறையில் பையன் நாற்காலி மேல் ஏறி நின்றான், வழுக்கினான், வலது முழங்கால் ஏதோ மரச்சாமானின் மூலையில் மோதியது.

மறுநாள் நடக்க முடியவில்லை. அடுத்த நாள் முழங்காலில் தொடங்கிய வீக்கம் காலுக்குக் கீழே இறங்கியது. தோல் விண்ணென்று இழுபட்டு, தொட்டால் கல் மாதிரி இருந்தது. உள்ளே தேங்கிய ரத்தம் நரம்புகளை நெருக்க, மணிக்கு மணி வலி ஏறியது. ஒரு காலை ஜில்லியார் உள்ளே போனபோது, இரவு முழுக்கத் தூங்காத பையன் தாயின் கையில் தலையை அழுத்திக் கிடந்தான். முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு வெளுத்திருந்தது. முனகல் நின்ற நேரங்களில் "அம்மா" என்ற ஒரே சொல்தான் வந்தது. தாய் அவன் முடியிலும் நெற்றியிலும் கண்களிலும் முத்தமிட்டுக்கொண்டிருந்தார்.

ஜில்லியார் இடிந்துபோனார். அவர் யோசனைப்படி நடந்துதான் இது வந்தது. ஆனால் ஜாரோ ஜாரினாவோ அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எடுத்த முடிவையும் மாற்றவில்லை. தன் யோசனையை அவர் கைவிட்டுவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் அக்கறையாக இருந்தது போல் பட்டதாம்.

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, விட்டதால்தான் விழுந்தான் என்று ஒருவர் சொல்லலாம். பதில் சொல்வது எளிதில்லை. அந்தக் காலத்தில் விழுந்தால் கொடுக்க எந்த மருந்தும் கிடையாது. ஆனால் நிழலாகக் காவல் இருந்த வருடங்களில்தான் ஸ்பாலாவும் நடந்தது. அங்கே அவனைக் கொல்லப் பார்த்தது தாயின் பக்கத்தில் உட்கார்ந்து போன வண்டிப் பயணம். காவல் கசிவை நிறுத்தவில்லை, தடுக்கப்பட்டவன் என்ற எண்ணத்தைத்தான் வளர்த்தது. பெற்றோர் பிடிவாதமாக நின்றதில் எனக்குத் தெரியும் இன்னொரு நன்மை, பையன் விழுந்த பிறகும் தண்டிக்கப்படவில்லை என்பது. மறுபடி மாலுமிகளை இறுக்கியிருந்தால், உன் தப்புதான் உன் வலிக்குக் காரணம் என்று அவனுக்குச் சொன்னதாகியிருக்கும்.

மொகிலேவில் ஒரு சிப்பாய்

1915 அக்டோபரில் தந்தை அவனைப் போர்த் தலைமையகம் இருந்த மொகிலேவுக்கு அழைத்துப் போனார். தந்தையின் அறையிலேயே மடக்குக் கட்டில், சாதாரணச் சிப்பாயின் சீருடை, கறுப்பு ரொட்டி. அயல்நாட்டு ராணுவப் பிரதிநிதிகளோடு சாப்பாட்டு மேசையில் குறும்பு செய்தான். டிசம்பரில் ஒரு தும்மலில் மூக்கில் ரத்தம் கொட்டத் தொடங்கி நிற்காமல் போக, ரயிலில் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்ததே பெரிது. ஆனாலும் 1916-இல் திரும்பவும் மொகிலேவ் வந்தான். அந்தக் கோடையில் கார்ப்பரலாகப் பதவி உயர்வும் கிடைத்தது.

பிரிட்டிஷ் தளபதி ஹான்பரி-வில்லியம்ஸின் மூத்த மகன் பிரான்சில் போர்க் காயத்தால் இறந்த செய்தி வந்த இரவு, அவர் அறைக் கதவைத் திறந்து அலெக்ஸேய் வந்தான். இன்று ராத்திரி உங்களுக்குத் தனிமையாக இருக்கும், கூட உட்கார் என்று அப்பா அனுப்பினார் என்றான். அப்பா சொல்லித்தான் வந்தான், சரி. ஆனால் இத்தனை காலம் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். இப்போது இன்னொருவரின் துக்கத்துக்குப் பக்கத்தில் அவன் உட்கார்கிறான். நோயாளி என்ற இடத்திலிருந்து எழுந்து ஒரு வேலையைச் செய்கிறான். நீண்டகால நோயுள்ள குழந்தைக்கு இப்படி ஒரு வேலை கிடைப்பது சின்ன விஷயமில்லை.

முடிவு

1917 மார்ச்சில் பதவி விலகும் முன் நிக்கோலாஸ் அறுவை மருத்துவர் ஃபியோதரொவிடம் மகனின் நோயைப் பற்றிக் கேட்டார். குணமாகாது என்ற பதிலைக் கேட்டு, மகனுக்கும் சேர்த்தே அரியணையைத் துறந்தார். புரட்சிக்குப் பிறகு குடும்பம் சிறைவைக்கப்பட்டபோது மாலுமி தெரெவென்கோ மாறிப்போய், தான் வளர்த்த பையனை இதை எடு, அதைக் கொண்டா என்று ஏவியதை விரூபொவா பார்த்து எழுதியிருக்கிறார். நகோர்னி கடைசிவரை கூட நின்று, அதற்காகவே கொல்லப்பட்டார். தொபோல்ஸ்கில் எழுதிய நாட்குறிப்பில் அலெக்ஸேய்க்குப் பெரிய குறை சலிப்புதான், எந்தப் பதின்மூன்று வயதுப் பையனையும் போல. 1918 வசந்தத்தில் அடிவயிற்றுப் பக்கம் மறுபடி கசிந்து நடை நின்றது. ஜூலை 17 அதிகாலை யெகாத்தரின்பர்க் வீட்டின் நிலவறைக்கு அவனைத் தந்தைதான் தூக்கிக்கொண்டு இறங்கினார். அங்கே குடும்பம் முழுவதையும் சுட்டுக்கொன்றார்கள். பதினான்கு வயது நிறைய இன்னும் சில வாரம் இருந்தது.

இன்றைய குழந்தைக்கு இதில் என்ன இருக்கிறது

ஒப்பிட இன்னொருவரும் உண்டு. அதே குடும்பத்தின் லியோபோல்ட், விக்டோரியா ராணியின் மகன். ராணி அவரைப் பெரியவரான பிறகும் கைக்குள்ளேயே வைத்திருக்கப் பார்த்தார். படிக்கப் போகிறேன் என்று போராடித்தான் 1872-இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டு போனார். பிறகு திருமணம், குழந்தை எல்லாம் ஆயிற்று. 1884-இல் கான் நகரில் வழுக்கி விழுந்து 30 வயதில் இறந்தார். தாய் நினைத்ததைவிடப் பெரிய வாழ்க்கையை அவர் வாழ்ந்தார் என்பதும் உண்மை, விழுந்து இறந்தார் என்பதும் உண்மை.

இப்போது நிலைமை வேறு. கசிவு வரும் முன்பே ஃபேக்டர் கொடுத்துக் காக்கும் முறையை ஸ்வீடனின் மால்மோவில் இங்கா மரி நில்சன் 1958-இல் தொடங்கிவைத்தார். ஃபேக்டர் 8 குறையும் ஏ வகைக்கு இப்போது தோலுக்கடியில் போடும் எமிசிஸுமாப் ஊசி வந்துவிட்டது. அலெக்ஸேய்க்கு இருந்த பி வகைக்கு அது உதவாது, அவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது ஃபேக்டர் 9. ஹீமோபிலியா ஏ-க்கான மரபணு சிகிச்சையை வேலூர் சி.எம்.சி.யில் மனிதர்களிடம் சோதித்த செய்தி 2024-இல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஹீமோபிலியாவையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நீச்சலும் சைக்கிளும் தசையை வலுவாக்கி மூட்டைக் காக்கும் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். குத்துச்சண்டை, ரக்பி போன்றவைதான் வேண்டாம். அலெக்ஸேய் கேட்ட சைக்கிள் இன்று சிகிச்சையின் ஒரு பகுதி.

ஆனால் பி.டி. பீரியடில் வகுப்பறையில் தனியே உட்கார்ந்து மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருக்கும் பிள்ளை இன்னமும் இருக்கிறான். "நீ பாட்டுக்கு உட்காரு, ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது" என்ற ஒரே வரியில் பள்ளி முடித்துவிடுகிறது. பள்ளியில் சொன்னால் சேர்க்கமாட்டார்களோ, சொந்தக்காரர்களிடம் சொன்னால் அக்கா கல்யாணம் தடைபடுமோ என்று வீட்டில் மறைக்கிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது, நான் அதைப் பழிக்கவில்லை. மறைப்பதற்கான விலையைப் பிள்ளை கொடுக்கிறான் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தன்னிடம் இருப்பது வெளியே சொல்லக் கூடாத ஒன்று என்று அவன் கற்றுக்கொள்கிறான். வாயை மூடும் பழக்கம் ரத்தம் கசியும் நாளிலும் தொடர்கிறது.

அங்கேதான் இந்தச் சிறுவனின் கதை சிகிச்சையைத் தொடுகிறது. மூட்டுக்குள் கசிவு தொடங்குவதை முதலில் அறிபவர் அம்மாவும் இல்லை, மருத்துவரும் இல்லை. வீங்குவதற்கு முன்பே உள்ளே ஒரு கூச்சம், ஒரு கதகதப்பு, ஏதோ இறுக்கம் தெரியும். ஸ்கேனுக்கு முன்னால் அவன் சொல்தான் சான்று. அந்த நேரத்தில் அவன் மனசில் ஓடுவது என்ன? சொன்னால் திட்டுவார்கள், கிரிக்கெட்டை நிறுத்திவிடுவார்கள், அம்மா அழுவாள், அப்பாவுக்கு லீவு போகும். அதனால் ராத்திரிவரை சொல்லமாட்டான். கண்ணில் மண்ணைத் தூவித் தப்பிப்பது என்று ஜில்லியார் சொன்னது இதைத்தான். மருத்துவமனையில் நாம் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வியும், எங்கே போய் விழுந்தே, எப்படி அடிபட்டுது என்பதுதான். அது விசாரணை மாதிரி அவன் காதில் விழுகிறது. எப்போ தெரிஞ்சுது, முதல்ல எந்த இடத்துல, எப்படி இருந்துச்சு என்று கேட்டால், தன் உடம்பைத் தெரிந்தவனாக அவன் பதில் சொல்வான்.

பத்துப் பன்னிரண்டு வயதில் பல பிள்ளைகள் தங்கள் நரம்பில் தாங்களே ஃபேக்டர் ஏற்றிக்கொள்ளப் பழகுகிறார்கள். ஊசி பிடிப்பதற்கு முன்பே, எப்போது தேவை என்று சொல்லும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம். மூட்டுக் கசிவுக்கு முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபேக்டர் போட வேண்டும் என்பது வழிகாட்டுதல். கூச்சம் தெரிந்ததும் பிள்ளை வாய் திறந்தால் அந்த இரண்டு மணி நேரம் கையில் இருக்கும். ராத்திரிவரை மறைத்தால் இருக்காது.